ஒரே சட்டியில் இருவர் சாப்பாடு: குறைந்த மாவுச்சத்து உணவில் முட்டைக்கோஸைச் சேர்த்தபோது நடந்தவை

இதில் வரும் கணவன், மனைவி இருவரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டேன். நான் உணவியல் ஆலோசகர். மருந்து தொடர்பான எல்லா முடிவுகளையும் எடுத்தவர்கள் அவர்களுடைய மருத்துவர்கள். நீரிழிவுள்ள ஒருவரின் தட்டுக்குக் காய்கறியைத் திரும்பக் கொண்டுவந்த கதையாகத்தான் இது தொடங்கியது. அதே சட்டியில் சாப்பிட்ட இன்னொருவரை நான் கேட்காமல் விட்டதுதான் இதை எழுதவைத்தது.

பின்னணி

கணவருக்கு வயது 54. இரண்டாம் வகை நீரிழிவு வந்து 9 ஆண்டுகள். மெட்ஃபார்மின் நாளொன்றுக்கு 2,000 மி.கி., காலையில் கிளிமெபிரைடு 2 மி.கி. எடுத்துவந்தார். உயரம் 170 செ.மீ., எடை 91 கிலோ, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.6 சதவீதம். இன்சுலின் தொடங்கலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றே, அதைத் தள்ளிப்போடும் எண்ணத்தில், யாரையும் கேட்காமல், மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கடுமையான கீட்டோ முறையில் இறங்கினார். ஒரு நாளைக்கு 20 கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்), அதற்கு மேல் ஒரு கிராம்கூடக் கூடாது என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட வரம்பு.

இரண்டாம் வாரத்தில் ஒரு மதியம் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியது. மீட்டரில் 58 மி.கி./டெ.லி. எழுபதுக்குக் கீழ் போனாலே அது தாழ்சர்க்கரை. சர்க்கரைத் தண்ணீர் குடித்துச் சரியானது. கிளிமெபிரைடு, சாப்பாட்டில் மாவுச்சத்து இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும் மருந்து. உணவை மட்டும் குறைத்து அந்த மாத்திரையை அப்படியே விட்டால் இப்படித்தான் ஆகும். அன்றே மருத்துவரிடம் பேசினார். மருத்துவர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். இதைப் படிப்பவர்களில் கிளிமெபிரைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இருந்தால், உணவை மாற்றும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். அவற்றோடு மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைத்தால், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலே கீட்டோ அமிலநிலை (கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்கள் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்குச் சேர்வது) வரக்கூடும்.

என்னிடம் வந்தபோது

ஏழாம் வாரம் முடிந்து வந்தார். மனைவியும் உடன் வந்திருந்தார். எடை 85.5 கிலோ. ஏழு வாரத்தில் ஐந்தரைக் கிலோ குறைந்திருந்தது அவருக்குப் பெரிய பெருமை. அதில் முதல் வாரத்தில் போன இரண்டரைக் கிலோ பெரும்பாலும் தண்ணீர் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்துவைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் வெளியேறுகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றுகிறது.

அவர் வந்த காரணம் வேறு. நான்கைந்து நாளுக்கு ஒருமுறைதான் மலம் கழிந்தது, அதுவும் வலியோடு. இரவில் கெண்டைக்கால் இழுத்தது. மாலையில் தலைவலி. "சர்க்கரை குறையுது மேடம், ஆனா இப்படியே எத்தனை நாள் ஓட்டுறதுன்னு தெரியல" என்றார்.

ஒரு வார உணவுப் பதிவைக் கேட்டேன். முட்டை, கோழி, மீன், பாலாடைக்கட்டி, வெண்ணெய். காய்கறி என்று பார்த்தால் ஏழு நாளில் இரண்டே முறை, இரண்டும் வெள்ளரித் துண்டுகள். நாள்தோறும் கிடைத்த நார்ச்சத்து 5 கிராமைத் தாண்டவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும், காய்கறி பழம் சேர்த்து 400 கிராமும் வேண்டும் என்கிறது. மலச்சிக்கலுக்குக் காரணம் தேடி எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை.

காய்கறிப் பயம் எங்கிருந்து வந்தது

காய்கறி பிடிக்காதவர் இல்லை அவர். முட்டைக்கோஸ் அவருக்கு விருப்பமான காய். அதை நிறுத்தியது கைபேசிச் செயலியில் பார்த்த ஒரு எண்: 100 கிராம் முட்டைக்கோஸில் கார்போஹைட்ரேட் 5.8 கிராம். 200 கிராம் சாப்பிட்டால் 11.6. இருபதில் பாதிக்கு மேல் ஒரே காயில் தீர்ந்துவிடும் என்று பயந்திருக்கிறார்.

அந்த 5.8-இல் 2.5 கிராம் நார்ச்சத்து. அது குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் ஏறுவதில்லை. மீதி 3.3 கிராம்தான் சர்க்கரையை ஏற்றக்கூடிய நிகர மாவுச்சத்து. 200 கிராமுக்கு 6.6. இந்த ஒரு கழித்தலைச் செய்து காட்டியதும் அவர் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை. ஏழு வாரமாக ஒரு தப்பான எண்ணுக்காகத் தட்டைக் காலியாக வைத்திருந்திருக்கிறார்.

இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. அமெரிக்க முறைப்படி அச்சிட்ட லேபிளில் மொத்தக் கார்போஹைட்ரேட்டுக்குள் நார்ச்சத்தும் அடக்கம். ஐரோப்பிய ஒன்றிய முறையில் நார்ச்சத்தைத் தனியாகக் காட்டுவார்கள். கார்போஹைட்ரேட் என்று போட்டிருப்பதே நிகர அளவு. இரண்டாவது வகை எண்ணிலிருந்து மறுபடி நார்ச்சத்தைக் கழித்தால் இருமுறை கழித்ததாகிவிடும். அவரே இரண்டாவது சந்திப்பில், வேறொரு செயலியில் முட்டைக்கோஸுக்கு 3.3 என்று பார்த்து அதிலிருந்தும் 2.5-ஐக் கழித்து, "ஒரு கிராம்கூட இல்லையே" என்று மகிழ்ச்சியோடு வந்தார். எந்தப் பட்டியலாக இருந்தாலும் அது நார்ச்சத்தைச் சேர்த்ததா சேர்க்காததா என்று முதலில் பாருங்கள் என்பதை அன்று எழுதியே கொடுத்தேன்.

எடை போடுவதிலும் குழப்பம் இருந்தது. வதங்கிய பின் எடை போட்டு, பச்சைக் காய்க்கான எண்ணால் பெருக்கியிருந்தார். 300 கிராம் பச்சை முட்டைக்கோஸ் எண்ணெயில் வதங்கி நீர் வற்றியதும் ஏறக்குறைய 200 கிராமாகச் சுருங்கிவிடும். மாவுச்சத்து அதே 10 கிராம்தான். நறுக்கியதும் பச்சையாகவே எடை போடுவது என்று முடிவு செய்தோம்.

முதல் முடிவுகள்

20 கிராம் வரம்பை நாளொன்றுக்கு நிகரமாக 50 கிராமுக்கு உயர்த்தலாம் என்றேன். அவருக்குக் கீட்டோன் அளவு எவ்வளவு என்பது இலக்கே இல்லை. இன்சுலின் தேவைப்படாத அளவுக்கு எச்பிஏ1சி இறங்க வேண்டும், அது பல ஆண்டுகள் நிலைக்க வேண்டும். நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் குறைந்தாலே அதைக் குறைந்த மாவுச்சத்து உணவு என்று பலரும் கொள்கிறார்கள். மாவுச்சத்தைக் குறைப்பது நீரிழிவுள்ளவர்களின் சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவுகிறது என்பதற்குச் சான்று வலுவாக இருப்பதாக அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2019 கருத்தொற்றுமை அறிக்கையும் சொல்கிறது. 20-க்கும் 50-க்கும் நடுவில் இருக்கும் அந்த முப்பது கிராமில்தான் காய்கறி முழுவதும் அடங்கும். அதை மூடிவைத்துவிட்டு மலச்சிக்கலுக்கு மாத்திரை தேட எனக்கு மனமில்லை.

சிறுநீரகச் செயல்பாடு, பொட்டாசியம், தைராய்டு மூன்றையும் அவர் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். மூன்றும் இயல்பாக இருந்தன. சிறுநீரகம் தளர்ந்தவருக்குக் கீரையும் காயும் ஒரேயடியாகக் கூடினால் பொட்டாசியம் ஏறக்கூடும். அப்படி ஒருவருக்கு இந்தத் திட்டம் பொருந்தியிருக்காது. தைராய்டைப் பற்றிக் கேட்டவர் அவர் மனைவி. முட்டைக்கோஸில் உள்ள சில கந்தகச் சேர்மங்கள் சிதையும்போது உண்டாகும் பொருள்கள், தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதற்குப் போட்டியாக வரக்கூடும் என்பது உண்மை. ஆனால் அயோடின் போதுமான அளவு கிடைப்பவர், வழக்கமான அளவில், சமைத்துச் சாப்பிட்டால் அது கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை என்று சொன்னேன்.

நாளொன்றுக்குத் திட்டமிட்டது இது: முட்டைக்கோஸ் 200 கிராம், காலிஃபிளவர் அல்லது ப்ரோக்கோலி 150, பசலைக்கீரை 100, வெள்ளரி 100, தக்காளி 100, வெங்காயம் 50. மொத்தம் 700 கிராம் காய். நிகர மாவுச்சத்து ஏறத்தாழ 23 கிராம். நார்ச்சத்து சுமார் 13. அதோடு 30 கிராம் பாதாமும் 20 கிராம் ஆளிவிதையும் சேர்ந்தால் நார்ச்சத்து 22 வரை வரும். தயிர் போன்றவற்றுக்கு மீதி இடம் விட்டோம்.

முட்டைக்கோஸை நடுவில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. 92 சதவீதம் தண்ணீர், 100 கிராமுக்கு 25 கலோரி, ஆனால் வைட்டமின் சி 36 மி.கி. வாரக்கணக்கில் குளிரில் வைத்தாலும் கெடாது. நீளமாக, மெல்லிசாக நறுக்கி வதக்கினால் நூடுல்ஸ் இருந்த இடத்தில் உட்காரும். முழு இலையை வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் கறியையோ முட்டையையோ வைத்துச் சுருட்டிக்கொள்ளலாம். ரொட்டியை விட்டவர்களுக்குக் கையில் பிடித்துக் கடிக்க ஏதாவது வேண்டியிருக்கிறது. அந்த ஏக்கத்தைச் சிறிய விஷயமாக நான் நினைப்பதில்லை. பாதியில் கைவிடுபவர்கள் பலர் அங்கேதான் கைவிடுகிறார்கள்.

திட்டத்தின் முதல் இரண்டு வாரம்: வயிறு ஒத்துக்கொள்ளவில்லை

இங்கே நான் பிழை செய்தேன். திட்டத்தை முதல் நாளே முழு அளவில் கொடுத்தேன். பிடித்த காய் திரும்பக் கிடைத்த மகிழ்ச்சியில் அவர் 200 கிராமுக்குப் பதில் 400 கிராம் முட்டைக்கோஸ் சாப்பிட்டார். நான்காம் நாள் வயிறு பானையாக உப்பி, வலியோடு அழைத்தார்.

முட்டைக்கோஸில் ராஃபினோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதை உடைக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் கிடையாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. 5 கிராம் நார்ச்சத்தோடு ஏழு வாரம் இருந்த குடலுக்கு ஒரே நாளில் ஐந்து மடங்கு கொடுத்தால் அது திணறத்தான் செய்யும்.

இரண்டு நாள் முட்டைக்கோஸை முழுவதும் நிறுத்தினோம். சுரைக்காய் இனத்தைச் சேர்ந்த சுக்கினி, வெள்ளரி, கொஞ்சம் கீரை மட்டும். பிறகு நன்றாக வெந்த முட்டைக்கோஸ் 50 கிராம், நான்கு நாளுக்கு ஒருமுறை இன்னும் ஐம்பது. பச்சையாக வேண்டாம். தண்ணீர் கூடுதலாக. மூன்றாம் வாரக் கடைசியில் 200 கிராமைத் தொட்டார், வயிறு சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. மலம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வந்து, பிறகு தினமும் ஆனது. இரவு கால் இழுப்பும் நான்காம் வாரத்தில் நின்றுவிட்டது. அதைக் காய்கறி நிறுத்தியது என்று சொல்லமாட்டேன்; அதே வாரங்களில் உணவில் உப்பையும் சற்றுக் கூட்டியிருந்தோம்.

"முட்டைக்கோஸ் சாப்பிட்டா சர்க்கரை ஏறுது"

திட்டத்தின் ஐந்தாம் வாரம் இந்தப் புகாரோடு வந்தார். இரவு உணவுக்கு முன் 124, இரண்டு மணி நேரம் கழித்து 186. பதிவேட்டில் எழுதியிருந்தது: முட்டைக்கோஸ் 200 கிராம், நிகரம் 7.

ஏழு கிராம் மாவுச்சத்து அறுபது புள்ளி ஏற்றாது. அந்த இரவுச் சட்டியில் என்னென்ன விழுந்தன என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். சமைத்தவர் மனைவி என்பதால் பதிலும் அவரிடமிருந்தே வந்தது. முட்டைக்கோஸ் 150 கிராம்தான். காரட் 100. பெரிய வெங்காயம் ஒன்று, 150 கிராம் இருக்கும். பச்சைப் பட்டாணி ஒரு கை, சுமார் 75. கடைசியில் பாட்டில் சாஸ் மூன்று மேசைக்கரண்டி; லேபிளில் கரண்டிக்கு 6 கிராம் சர்க்கரை என்று இருந்தது.

கூட்டிப் பார்த்தோம். முட்டைக்கோஸ் 5, காரட் 7, வெங்காயம் 11, பட்டாணி 7, சாஸ் 18. மொத்தம் 48 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் வைத்த வரம்பு ஒரே சட்டியில் தீர்ந்திருந்தது. அதில் முட்டைக்கோஸின் பங்கு பத்தில் ஒன்று. பெயர் மட்டும் அதற்கு.

வெறும் சொல்லில் அவர் நம்பமாட்டார் என்று தெரியும். அதனால் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு இரவு 250 கிராம் முட்டைக்கோஸ், எண்ணெய், உப்பு, மிளகு, இரண்டு முட்டை மட்டும்: முன் 126, இரண்டு மணி நேரம் கழித்து 133. இன்னொரு இரவு அதே அளவு முட்டைக்கோஸோடு காரட் 40, வெங்காயம் 40. பட்டாணி, சாஸ் இல்லை: முன் 129, பின் 148. மீட்டர் சொன்னதை அவர் அதன்பின் மறுத்துப் பேசவில்லை. ஒரே ஒருவரின் ஓரிரு அளவீடுகள்தான் இவை. அடுத்தவருக்கு இதே எண்கள் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சோதிக்கும் முறையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் அவர் கேட்ட ஒரு கேள்வியையும் பதிவு செய்கிறேன். மண்ணுக்கு மேல் விளைவது சாப்பிடலாம், கீழ் விளைவது கூடாது என்று எங்கோ படித்திருந்தார். பெரும்பாலும் சரிவரும் விதிதான். உருளைக்கிழங்கில் 100 கிராமுக்கு நிகரம் சுமார் 15, சர்க்கரைவள்ளியில் 17. ஆனால் பட்டாணியும் மக்காச்சோளமும் மண்ணுக்கு மேல் விளைபவை. பட்டாணியில் 9, மக்காச்சோளத்தில் அதைப்போல் இரு மடங்கு. முள்ளங்கி மண்ணுக்குள் விளைகிறது, 2 கிராம்கூட இல்லை. வெங்காயத்தையும் காரட்டையும் விலக்க வேண்டியதில்லை. 40 கிராம் வெங்காயம் 3 கிராம். அது இல்லாத சமையல் சப்பென்று இருக்கும், சப்பென்ற சாப்பாட்டை யாரும் ஆண்டுக்கணக்கில் சாப்பிடமாட்டார்கள். அவற்றை ருசிக்குப் போடுங்கள், வயிறு நிறைய முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் கத்தரிக்காயும் இருக்கட்டும் என்றேன்.

மனைவியின் ரத்தப் பரிசோதனை

பத்தாம் வாரம். அவர் உற்சாகமாக இருந்தார். மனைவி மட்டும் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையின் முடிவு அது, மூன்று நாள் முன்பு எடுத்தது: 1.6.

அவருக்கு வயது 51. ஆறு ஆண்டுகளுக்கு முன் இதயத்தின் பெருந்தமனி வால்வை மாற்றிச் செயற்கை வால்வு வைத்திருக்கிறார்கள். அதில் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறார். அவருக்கு மருத்துவர் வைத்த இலக்கு 2-இலிருந்து 3 வரை. முந்தைய ஐந்து பரிசோதனைகளிலும் 2.3-க்கும் 2.8-க்கும் இடையில்தான் இருந்திருக்கிறது. மாத்திரை தவறவிட்டீர்களா என்று இதயநோய் மருத்துவர் கேட்டிருக்கிறார். ஒரு நாளும் தவறவில்லை.

"எனக்கும் இதே சாப்பாடுதானே மேடம். தனியா என்னத்தப் பொங்கிக்கிட்டு" என்றார்.

இதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஏதோ கழன்று விழுந்தது போலிருந்தது. பத்து வாரமாக அவர் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். சமையல் அளவுகளை அவரிடம்தான் கேட்டேன். நீங்கள் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ரத்தம் உறைவதற்குத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் உருவாக்க வைட்டமின் கே வேண்டும். உடல் அந்த வைட்டமினை மறுபடி மறுபடி புதுப்பித்துப் பயன்படுத்துகிறது. அந்தப் புதுப்பிப்பைத் தடுப்பதுதான் வார்ஃபரினின் வேலை. உணவில் வைட்டமின் கே கூடினால் மருந்தின் பிடி தளர்ந்து ஐஎன்ஆர் இறங்கும். ரத்தம் எளிதில் உறையும். செயற்கை வால்வு உள்ளவருக்கு 1.6 என்பது அலட்சியப்படுத்தக்கூடிய எண் இல்லை. அன்றே மருத்துவரை அழைத்து, உணவு மாற்றத்தின் முழு விவரத்தையும் எழுதி அனுப்பினேன். அவர் வார்ஃபரினின் வாராந்திர அளவைச் சற்றுக் கூட்டி, ஒரு வாரத்தில் மறுபரிசோதனை சொன்னார். அந்த இடைவெளியில் எந்தப் பாதிப்பும் நேரவில்லை. நேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்காத நாள் அந்த வாரத்தில் எனக்கு இல்லை.

முட்டைக்கோஸ்தான் காரணம், அதை வீட்டிலேயே நிறுத்திவிடலாம் என்பது மனைவியின் முதல் எண்ணம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. உட்கார்ந்து கணக்குப் போட்டபோது படம் வேறாக இருந்தது. பச்சை முட்டைக்கோஸில் 100 கிராமுக்கு வைட்டமின் கே சுமார் 76 மைக்ரோகிராம். அவர் நாளுக்கு 150 கிராம் சாப்பிட்டிருக்கிறார்; வாரத்துக்கு ஏறத்தாழ 800. பசலைக்கீரையில் 100 கிராமுக்குச் சுமார் 480. வாரத்தில் நான்கு நாள் 100 கிராம் வீதம், அது மட்டும் 1,900-ஐத் தாண்டுகிறது. ப்ரோக்கோலி இன்னொரு 230. பெண்களுக்குப் போதுமான அளவு நாளுக்கு 90 மைக்ரோகிராம், வாரத்துக்கு 630 என்று வைத்திருக்கிறார்கள். முன்பு வாரத்துக்கு ஒருநாள் கொஞ்சம் கீரை சாப்பிட்டு வந்தவர், எங்கள் திட்டத்தால் அதன் நான்கைந்து மடங்குக்குப் போயிருந்தார். அதில் பெரும்பங்கு கீரையுடையது.

மூன்று வழிகள் இருந்தன. பச்சைக் காய்களை மனைவிக்கு முழுவதும் நிறுத்தலாம். இருவருக்கும் தனித்தனியாகச் சமைக்கலாம். அல்லது அளவை ஓரிடத்தில் நிறுத்தி, அதற்கேற்ப மருந்தின் அளவை மருத்துவர் பொருத்தலாம். முதல் வழியை மருத்துவரே விரும்பவில்லை. வைட்டமின் கே மிகக் குறைவாக உண்பவருக்கு, ஒரு விருந்தில் சாப்பிட்ட கீரைகூட ஐஎன்ஆரை ஆட்டிவிடும். இரண்டாவது வழியில் சமைப்பவர் சுமை இரட்டிப்பாகும், சமைப்பவர் அவர்தான். மூன்றாவதைத் தேர்ந்தோம். முட்டைக்கோஸ் அவருக்கு நாளுக்கு 100 கிராம், கீரை வாரத்தில் குறித்த இரண்டு நாள் மட்டும், 50 கிராம். மற்ற நாள்களில் தட்டை நிறைப்பவை காலிஃபிளவர், கத்தரிக்காய், சுக்கினி, காளான், வெள்ளரி. இவற்றில் வைட்டமின் கே குறைவு, கணவரின் மாவுச்சத்துக் கணக்குக்கும் பொருந்துபவை. ஒரே சட்டிதான், கீரை மட்டும் தனிப் பாத்திரத்தில்.

இதில் மறுபக்க ஆபத்து ஒன்று உண்டு, அதை இருவருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னேன். கூட்டிய மருந்தோடு இருக்கும்போது பச்சைக் காயைத் திடீரென்று நிறுத்தினால் ஐஎன்ஆர் ஏறும், ரத்தக்கசிவு வரலாம். ஐந்தாம் மாதத்தில் மனைவி ஆறு நாள் உறவினர் வீட்டில் தங்கவேண்டி வந்தது. போகும் முன்பே மருத்துவருக்குத் தெரிவித்தார், திரும்பிய மறுநாள் பரிசோதித்தார். 2.9. வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிய பிறகு 2.5-இல் நின்றது.

ஆறாம் மாதம்

கணவரின் எடை 81 கிலோ. எச்பிஏ1சி மூன்றாம் மாதத்தில் 7.2, ஆறாம் மாதத்தில் 6.7. மெட்ஃபார்மின் மட்டும் தொடர்கிறது. இன்சுலின் பேச்சு இப்போதைக்கு இல்லை. இந்த இறக்கத்தைக் காய்கறி கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை. தானியத்தையும் சர்க்கரையையும் குறைத்ததும் எடை குறைந்ததும்தான் அதற்குப் பெரும்பாலும் காரணம். என்னிடம் வந்தபோது கைவிடத் தயாராக இருந்தவர் ஆறாம் மாதத்திலும் தொடர்கிறார் என்பதில் காய்கறிக்குப் பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். நார்ச்சத்து சராசரியாக 22 கிராம். 25-ஐ இன்னும் தொடவில்லை.

மனைவியின் ஐஎன்ஆர் கடைசி மூன்று பரிசோதனைகளிலும் இலக்குக்குள் இருக்கிறது.

இன்று தொடங்கினால் மாற்றுபவை

காய்கறியை முதல் நாளே முழு அளவில் கொடுக்கமாட்டேன். 50 கிராமில் தொடங்கி மூன்று வாரம் எடுத்துக்கொள்வேன். அதை எடை போடும் தாளிலேயே எழுதிவிடுவேன். பதிவேட்டில் உணவின் பெயரை எழுத ஒரு கட்டம் மட்டும் வைக்காமல், சட்டியில் விழுந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வைப்பேன். ஐந்தாம் வாரப் புகாரை அது முதல் வாரத்திலேயே தீர்த்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், படிவத்தில் இரண்டு கேள்விகள். இந்தச் சமையலை வீட்டில் வேறு யார் சாப்பிடுகிறார்கள்? அவர்கள் என்ன மருந்து எடுக்கிறார்கள்? வார்ஃபரின் என்று பதில் வந்தால், ஒரு கீரைக்கட்டு வாங்கும் முன்பே அவருடைய மருத்துவருக்குத் தகவல் போகும். உணவு மாறிய முதல் வாரத்திலேயே ஐஎன்ஆர் பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். அடுத்த வழக்கமான பரிசோதனை வரை அதை விட்டுவைக்கமாட்டேன்.